28 பேர், ஒரு சட்டம், 200 ரூபாய் அபராதம்: ஏர்வாடியில யார் கதவைத் தட்டல?

(எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னதையும் வெட்டியிருக்கோம்.)

பம்மல்ல இருந்து பேசுறேன். வெளியில தண்ணி லாரி சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

சென்னையில வளர்ந்த யாரும் இந்தக் கிண்டலைக் கேட்காம வளர்ந்திருக்க முடியாது: "இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்டா." பல்லாவரம் டீக்கடையிலயும் கேட்கும், ஓஎம்ஆர் ஆபீஸ் கேன்டீன்லயும் கேட்கும். ஒரு ஏரியாவோட பேரே வசவா மாறியிருக்கு. அந்த வசவுக்குப் பின்னாடி இருநூறு வருஷத்துக்கு மேல நீளுற ஒரு வரலாறு இருக்கு. அதுல இன்னைக்கு நான் கேட்கப்போறது ஒரே ஒரு கேள்விதான். மனநல சிகிச்சைன்னு சொல்லி ஒருத்தரைக் கதவுக்குள்ள வச்சா, உள்ள என்ன நடக்குதுன்னு வெளியில இருந்து பார்க்குறது யார் வேலை?

முதல்ல 1794. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மெட்ராஸ். வாலண்டைன் கொனோலின்னு ஒரு சர்ஜன், மனநோயாளிகளுக்குன்னு ஒரு இல்லம் தொடங்குறார். அது அரசு ஆஸ்பத்திரி மாதிரி இல்ல. கட்டடத்துக்குக் கம்பெனி வாடகை கொடுத்துச்சு. பின்னாடி அந்த இல்லம் இன்னொரு டாக்டருக்குக் கைமாறுச்சு. அதாவது, ஆரம்பத்துலேயே அது ஒரு முதலீடு. 1871-ல கீழ்ப்பாக்கத்துல இருந்த லோகாக் தோட்டத்துக்கு மனநல விடுதி வந்துச்சு. இன்னைக்கு நாம மனநலக் காப்பகம்னு சொல்ற அரசு மருத்துவமனை அதோட தொடர்ச்சிதான்.

இதுக்கு நடுவுல 1858-ல ஒரு சட்டம், 1912-ல இந்திய லூனசி சட்டம். ரெண்டுக்கும் முக்கியக் கவலை ஒண்ணுதான்: யாரைப் பூட்டலாம், யார் கையெழுத்துப் போட்டா பூட்டலாம். மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டா உள்ள. உள்ள போனவருக்கு என்ன வேணும்னு கேட்கிற பக்கம் அந்தச் சட்டங்கள்ல ரொம்ப மெலிசு. ஆனா 1912 சட்டம் சுதந்திரத்துக்கு அப்புறமும் நாற்பது வருஷத்துக்கு மேல ஓடுச்சு. அதுக்குப் பதிலா 1987-ல மனநலச் சட்டம் நிறைவேறி, 1993 ஏப்ரல்லதான் நடைமுறைக்கு வந்துச்சு.

இந்த 1987 சட்டத்தைப் படிச்சா கண்காணிப்பு இல்லைன்னு சொல்லவே முடியாது. மனநல மருத்துவமனையோ நர்சிங் ஹோமோ நடத்தணும்னா லைசென்ஸ் வேணும். ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது 5 பார்வையாளர்களை அரசு நியமிக்கணும். அவங்கள்ல 3 பேராவது மாசத்துக்கு ஒரு தடவை சேர்ந்து போய், எல்லா இடத்தையும் சுத்திப் பார்க்கணும். பேப்பர்ல நல்ல டிசைன்.

இப்ப ஏர்வாடிக்குப் போவோம்.

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரம். தர்காவுக்கு எல்லா மதத்துக்காரங்களும் வருவாங்க. தர்கா தண்ணியும் விளக்கு எண்ணெயும் மனநோயைத் தீர்க்கும்ங்கிறது தலைமுறை தலைமுறையா வந்த நம்பிக்கை. கனவுல உத்தரவு வந்தாதான் வீட்டுக்குத் திரும்புவாங்க. அந்த உத்தரவு எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. குடும்பத்தால மாசக்கணக்குல கூடவே தங்க முடியுமா? முடியாது. அதனால தர்காவைச் சுத்தி தனியார் விடுதிகள் முளைச்சுச்சு. காசு கொடுத்தா அவங்க "பார்த்துப்பாங்க".

அந்தக் குடும்பங்களைத் திட்டுறது ரொம்ப சுலபம். ஆனா ஒண்ணை யோசிங்க. தமிழ்நாடு முழுசுக்கும் இருந்த ஒரே அரசு மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கம். ஏர்வாடியில இருந்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல. ராத்திரி தூங்காத, யாரோ கூப்பிடுறாங்கன்னு ஓடிப்போற ஒரு பிள்ளையை வச்சுக்கிட்டு, தினக்கூலி வாங்குற ஒரு அம்மா எங்க போவாங்க? பக்கத்துல இருக்கிற, முகம் சுளிக்காம வாங்கிக்கிற இடத்துக்குத்தான் போவாங்க.

2001 ஆகஸ்ட் 6. விடியக்காலை அஞ்சு மணி வாக்குல மொய்தீன் பாதுஷா மனநல இல்லத்தோட கூரைக் கொட்டகையில தீப்பிடிச்சுச்சு. உள்ள இருந்த நாற்பதுக்கும் மேற்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்களைச் சங்கிலியால கட்டி வச்சிருந்தாங்க. ஓட முடியல. அன்னைக்கு 25 பேர் செத்துப்போனாங்க. மொத்தப் பலி 28 ஆச்சு.

ஒரு வாரத்துல, ஆகஸ்ட் 13-ஆம் தேதி, அங்க இருந்த இந்த மாதிரி இல்லங்களை எல்லாம் மூடி, ஐநூறுக்கும் மேற்பட்டவங்களை அரசு தன் பொறுப்புல எடுத்துக்கிச்சு. இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் கவனிங்க. ஐநூறு பேர்! ஏதோ மலைக்குகையில ஒளிஞ்சிருந்தவங்க இல்ல. தினமும் ஆயிரக்கணக்கான பேர் வந்துபோற ஊர்ல, எல்லார் கண்ணு முன்னாடியும் இருந்தவங்க.

அப்போ அந்த 5 பார்வையாளர்கள் எங்க போனாங்க? எங்கேயும் போகல, ஏன்னா அவங்களை நியமிக்கவே வழியில்ல. பார்வையாளர்கள் லைசென்ஸ் வாங்குன இடத்துக்கு. ஏர்வாடி கொட்டகைகள் லைசென்ஸே வாங்கல. என் வேலையில இதைத் தினமும் பார்க்கிறேன்: மானிட்டரிங் லிஸ்ட்ல சேர்க்காத சர்வர் எரிஞ்சே போனாலும் அலர்ட் வராது. டேஷ்போர்டு பச்சையாவே இருக்கும். சட்டத்தோட டேஷ்போர்டும் அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு.

சரி, லைசென்ஸ் இல்லாம நடத்துனா என்ன தண்டனை? 1987 சட்டப்படி முதல் தடவைக்கு 3 மாசம் வரை சிறை, இல்லைன்னா 200 ரூபாய் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். எழுத்துப்பிழை இல்ல, இருநூறு ரூபாய்தான். லைசென்ஸுக்கு அலையறதை விட மாட்டிக்கிட்டு அபராதம் கட்டுறது மலிவு. இல்லத்தோட உரிமையாளருக்கும் குடும்பத்தாருக்கும் 2007-ல சிறைத்தண்டனை கிடைச்சுச்சு, அது வேற விஷயம். அது 28 உயிர் போனதுக்கு அப்புறம்.

பத்திரிகைச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாவே வழக்கை எடுத்துச்சு. வழக்கோட தலைப்புலேயே "சங்கிலியால் கட்டப்பட்ட 25 பேரின் மரணம்"ங்கிற வார்த்தைகள் இருக்கு. 2002 பிப்ரவரியில வந்த உத்தரவு மூணு முக்கியமான விஷயம் சொல்லுச்சு. ஒண்ணு, ஒவ்வொரு மாநிலமும் பதிவான இடம், பதிவாகாத இடம் ரெண்டையும் கணக்கெடுக்கணும். ரெண்டு, ஒவ்வொரு மாநிலத்துலயும் ஒரு அரசு மனநல மருத்துவமனையாவது இருக்கணும். மூணு, சங்கிலி போடுறது சட்டவிரோதம்னு ஜனங்களுக்குச் சொல்லணும். இதுல முதல் விஷயம்தான் எனக்குப் பெருசாத் தெரியுது. பதிவாகாததையும் தேடிப்போய்ப் பாருன்னு நீதிமன்றம் சொல்லியிருக்கு.

அப்புறம் 2007-ல, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கையை இந்தியா ஏத்துக்கிச்சு. அதுக்கு ஏத்தபடி சட்டத்தை மாத்தியாகணும். நீண்ட இழுபறிக்கு அப்புறம் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல நிறைவேறி, 2018-ல நடைமுறைக்கு வந்துச்சு.

இதுல ஏர்வாடியோட தடம் அங்கங்க தெரியும். பிரிவு 95: எந்த வடிவத்துலயும் யாரையும் சங்கிலியால கட்டக் கூடாது. "மனநல நிறுவனம்"ங்கிறதோட வரையறையை அகலப்படுத்தியிருக்காங்க. அலோபதி மட்டுமில்ல, சித்தா, ஆயுர்வேதம், யோகான்னு எந்தப் பேர்ல இருந்தாலும், மனநோய் உள்ளவங்களைத் தங்கவச்சுப் பராமரிச்சா பதிவு பண்ணியாகணும். குடும்ப வீடு மட்டும் விலக்கு. பதிவு இல்லாம நடத்துனா முதல் தடவை 5,000-ல இருந்து 50,000 ரூபாய். திரும்பத் திரும்பப் பண்ணா 5 லட்சம் வரை போகும்.

எல்லாத்தையும் விடப் பெரிய மாற்றம், மனநல மறுஆய்வு வாரியம். தலைவர் மாவட்ட நீதிபதி அந்தஸ்துல இருக்கிறவர். கூட கலெக்டரோட பிரதிநிதி, ஒரு மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர். இன்னும் ரெண்டு இடம் மனநோயை அனுபவிச்சவங்களுக்கோ, அவங்களைப் பராமரிக்கிறவங்களுக்கோ, இந்தத் துறையில வேலை செய்யுற அமைப்புக்காரங்களுக்கோ. 1912 சட்டத்துல "உள்ள இருக்கிறவர்" மட்டும்தான். இப்போ அவரே தீர்ப்புச் சொல்ற மேஜையில உட்கார முடியும்.

இவ்வளவும் எழுதியாச்சு. பிரச்சினை தீர்ந்துச்சா?

2023 பிப்ரவரி. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர், அன்பு ஜோதி ஆசிரமம். ஆதரவில்லாதவங்களும் மனநலம் பாதிச்சவங்களும் இருந்த இடம். உரிமம் இல்லாம நடந்ததாவும், உள்ள கொடுமைகள் நடந்ததாவும் புகார் எழுந்து, நூற்றுக்கும் மேற்பட்டவங்களை மீட்டாங்க. வழக்கு சிபிசிஐடிக்குப் போச்சு. விஷயம் எப்படி வெளிய வந்துச்சு தெரியுமா? அங்க சேர்த்த ஒரு முதியவரைக் காணோம்னு, சென்னை உயர் நீதிமன்றத்துல ஆட்கொணர்வு மனு வந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் அதிகாரிகள் உள்ள போனாங்க.

ஏர்வாடியில தீ காட்டிக்கொடுத்துச்சு, விழுப்புரத்துல ஒரு மனு காட்டிக்கொடுத்துச்சு. ரெண்டு இடத்துலயும் அரசோட பட்டியல் காட்டிக்கொடுக்கல. இருபத்திரெண்டு வருஷ இடைவெளியில சட்டம் மாறுச்சு, அபராதம் ஏறுச்சு, வாரியம் வந்துச்சு. ஆனா பட்டியலுக்கு வெளிய இருக்கிற கதவைத் தட்டுற கை இன்னமும் பெரும்பாலும் குடும்பத்தோட கைதான்.

அதனால இதை நீங்க தெரிஞ்சு வச்சுக்கணும். நம்ம தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் யாரோ ஒரு ஃப்ரெண்டோட அண்ணனையோ அத்தையையோ ஒரு இடத்துல சேர்க்கப் போறாங்கன்னா, கூடப் போங்க. பதிவுச் சான்றிதழை முதல்ல கேளுங்க. அவரோட விருப்பம் இல்லாம சேர்த்தா முதல்ல 30 நாள் வரைதான். அதையும் 7 நாளுக்குள்ள வாரியத்துக்குச் சொல்லணும். பெண்ணா இருந்தா 3 நாளுக்குள்ள. அவர் தேர்ந்தெடுக்கிற ஒருத்தரைப் பிரதிநிதியா எழுதி வைக்கலாம். அவரைக் கட்டுப்படுத்தி வச்சாங்கன்னா, அந்தப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள்ள தெரியப்படுத்தணும். வாரியத்துக்கு மனுப் போட கட்டணம் கிடையாது. போன்ல யார்கிட்டயாவது பேசணும்னா டெலி-மானஸ் நம்பர் 14416. இது இலவசம்.

சேர்த்துட்டு வந்ததோட விட்டுடாதீங்க. அடுத்த வாரம் போங்க, அடுத்த மாசமும் போங்க. பார்க்க விடமாட்டோம்னு சொன்னா அதுவே ஒரு புகார்.

கடைசியா, மறுபடியும் கீழ்ப்பாக்கம். 2019 மக்களவைத் தேர்தல்ல அந்த மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே வாக்குச்சாவடி வச்சாங்க. உள்ள சிகிச்சையில இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவங்க வரிசையில நின்னு ஓட்டுப் போட்டாங்க. நீதிமன்றம் ஒருத்தரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர்னு அறிவிச்சாத்தான் ஓட்டுரிமை போகும். ஆஸ்பத்திரியில இருக்கிறதால போகாது. அதிகாரிங்க உள்ள போய், பேர் கேட்டு, வாக்காளர் பட்டியல்ல சேர்த்து, விரல்ல மை வச்சிருக்காங்க. தேடிப்போய்ப் பேரை எழுத முடியும்னு அரசாங்கமே காட்டியிருக்கு. பதிவாகாத இல்லங்களுக்கும் அதே மாதிரி போகச் சொல்லித்தான் உச்ச நீதிமன்றம் 2002-ல கேட்டுச்சு.

உங்க ஏரியாவுல இப்படி ஒரு இல்லம் இருந்தா, அங்க பதிவு போர்டு மாட்டியிருக்கான்னு பார்த்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.