வெவஸ்ஸ தோட்டத்தில் ஒரு சபை

அடிமைப்படாத உள்ளத்துக்கு உதாரணமாக நாம் அடிக்கடி நினைவுகூர்வது ஒராபி பாஷாவை. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883 முதல் 1901 வரை இலங்கையில் வாழ்ந்த அவர், சித்திலெப்பையோடு நமது கல்வி மறுமலர்ச்சிக்குத் துணைநின்றார். 1892இல் மருதானையில் ஸாஹிரா உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. நியாயமான பெருமைதான். ஆனால் இந்த ஊவா மலைகளிலேயே நடந்த ஒன்றை நமது எழுத்துக்கள் கண்டுகொள்ளாதிருப்பது, ஹாலிஎலயில் வாழும் என்னை உறுத்துகிறது.

ஒராபி தளபதி, அவரைத் தேடி மனிதர்கள் வந்தார்கள். தோட்டத் தொழிலாளியைத் தேடி யார் வந்தார்? லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்தால் வேலையோடு கூரையும் போயிற்று. 'துண்டு' முறையை 1921இல் சட்டம் ஒழித்தும் இந்த அச்சம் ஒழியவில்லை. துரை எதிரே வந்தால் குடையை மடக்கி, தலைப்பாகையை அவிழ்த்து, பாதையோரம் ஒதுங்க வேண்டும்.

1940 ஜனவரியில் முல்லோயாவில் பொலிஸ் துப்பாக்கிக்குக் கோவிந்தன் பலியானார். லங்கா சமசமாஜக் கட்சியினரின் சங்கம் முன்னின்ற வேலைநிறுத்த அலை ஊவாவுக்கும் பரவியது. பதுளையை அடுத்த வெவஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தமக்கென ஒரு சபையைத் தெரிவுசெய்தார்கள். அதனோடு கலந்தாலோசித்தே காரியம் பார்க்கத் துரையும் உடன்பட வேண்டியதாயிற்று. அடக்க வந்த பொலிஸ் குழுவிடமிருந்து ஆயுதங்களையே பறித்துவிட்டார்கள்.

ஆயுதம் பறித்ததைத்தான் பலரும் வியந்து சொல்வார்கள். எனக்கு அது பெரிதல்ல. கங்காணியின் சொல்லே தீர்ப்பாயிருந்த இடத்தில், தமக்காகப் பேசுபவர் யார் என்பதைத் தாமே தீர்மானித்தார்களே, அதுதான் பெரிது. ஷூரா என்று நாம் மேடைகளில் முழங்குவதை, அந்தச் சொல்லை அறியாமலே செய்துபார்த்திருக்கிறார்கள்.

அது நீடிக்கவில்லை. பெருவெள்ளம் ஒரு வாரத்துக்கு மேலாக ஊவாவைத் துண்டித்தது. பொலிஸின் கெடுபிடி மிச்சத்தை முடித்தது. ஜூனில் கட்சித் தலைவர்கள் கைதானார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களை எவரும் கலந்தாலோசிக்கவில்லை.

நாட்டின் தேர்தலில் வாக்கில்லாத அந்த நீண்ட காலத்திலும் தோட்டக் கமிட்டிக்கு அவர்கள் தலைவரைத் தெரிவுசெய்துகொண்டுதான் இருந்தார்கள். எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.