சேகார்: மண்பானைகள் கூறும் சாட்சியம்

பழைய ஏற்பாட்டில் திராட்சரசத்தோடு இணைந்து அடிக்கடி வரும் எபிரேயச் சொல் ‘சேகார்’ என்பதாகும். நம் தமிழ்த் திருமறை இதனைப் பெரும்பாலும் மது அல்லது மதுபானம் என்று பெயர்க்கிறது. நசரேய விரதம் பூண்டவன் இதனை விலக்கவேண்டும் (எண். 6:3). ஆசரிப்புக் கூடாரத்தினுள் செல்லும் ஆசாரியன் இதனை அருந்தலாகாது (லேவி. 10:9). தான் இதனைக் குடிக்கவில்லை என்றே அன்னாள் ஏலிக்கு மறுமொழி கூறினாள் (1 சாமு. 1:15). ஆயினும், எண்ணாகமம் 28:7இல் ஆண்டவருக்குப் பரிசுத்த ஸ்தலத்தில் வார்க்கப்படும் பானபலிக்கும் எபிரேய மூலத்தில் இதே சொல் வருகிறது. விலக்கப்பட்டதும் படைக்கப்பட்டதும் ஒன்றேயாயின், அப்பானம் யாது? அகழ்வாய்வு இவ்வினாவுக்குத் தரும் விடை, பிரசங்க பீடத்தில் நிற்கும் நமக்கும் பயன்தரத்தக்கது.

சேகாருக்கு நெருங்கிய உறவுடைய அக்காதியச் சொல் ‘சிகாரு’. வாற்கோதுமையை முளைக்கவைத்து, உலர்த்தி, நீரிலிட்டுப் புளிக்கச்செய்த பானத்தை அது குறித்தது. பிற்காலத்தில் பேரீச்சம்பழப் பானத்தையும் குறித்தது. தானியம், பழச்சாறு, தேன், பேரீச்சம்பழம் ஆகியவற்றால் ஆன போதைப் பானங்கள் யாவும் இச்சொல்லில் அடங்கும் என்று ஜெரோம் தம் கடிதமொன்றில் விளக்கினார். ஆகவே சேகார் என்பது திராட்சையினின்று பெறப்படாத போதைப் பானம்; அவற்றுள் தலையாயது வாற்கோதுமைப் பானம், அதாவது இன்றைய பீரின் மூதாதை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

மண்ணும் இதற்குச் சான்று பகர்கிறது. கர்மேல் மலையிலுள்ள ராக்கெஃபெத் குகையில், ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் இறந்தோரை அடக்கம்செய்த இடத்தில், கல்லுரல்கள் கிடைத்தன. அவற்றில் ஒட்டியிருந்த மாவுப்பொருள் தானியத்தைப் புளிக்கவைத்ததன் எச்சம் என ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ லியூ குழுவினர் 2018இல் அறிவித்தனர். அம்முடிவை ஏற்றால், மனிதர் நிலத்தை உழுது பயிரிடுமுன்னரே இப்பானத்தை அறிந்திருந்தனர் எனலாம். ஈரானின் கோதின் தேப்பேயில் கிடைத்த, கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஜாடியொன்றின் உட்புறக் கீறல்களில் கால்சியம் ஆக்சலேட் படிந்திருந்தது. வாற்கோதுமைப் பானம் ஊறும்போது கலத்தில் படியும் உப்பு இதுவே. 1992இல் வெளியான இவ்வாய்வு பலருடைய ஐயத்தை அகற்றியது.

எகிப்தின் அபிதோஸில், நார்மர் மன்னன் காலத்தைச் சேர்ந்ததெனக் கருதப்படும், ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமையுள்ள பான ஆலையொன்று 2021இல் வெளிப்படுத்தப்பட்டது. எட்டுப் பகுதிகள், ஒவ்வொன்றிலும் இரு வரிசையாக ஏறத்தாழ 40 மண்கலங்கள். ஒரே முறையில் 22,400 லிட்டர் காய்ச்சியிருக்கலாம் என்பது மதிப்பீடு. அரச அடக்கச் சடங்குகளுக்கே இது பயன்பட்டிருக்கவேண்டும் என்கின்றனர். காத் பட்டணம் எனக் கருதப்படும் தெல் எஸ்-சாஃபியில், வடிகட்டியுள்ள மூக்குக் குடுவைகள் கிடைத்துள்ளன. உமியை வடித்துப் பருகுவதற்கு அவை ஏற்றவை. அங்கும் வேறு சில இடங்களிலும் கிடைத்த பானைகளின் நுண்துளைகளில் வாழ்ந்திருந்த ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்து, இஸ்ரவேல் நாட்டு ஆய்வாளர்கள் 2019இல் அதைக்கொண்டே பானம் தயாரித்தும் காட்டினர்.

இப்பானம் வெறும் களியாட்டப் பொருளன்று. அன்றாட உணவு, உழைப்புக்குக் கூலி. எகிப்தில் தொழிலாளருக்கு அப்பமும் பானமுமே படியாக அளக்கப்பட்டன. திருமறையில் ஏரேக் எனப்படும் ஊருக் நகரின் மிகப் பழைய களிமண் பலகைகள், கவிதையையன்று, வாற்கோதுமைக் கணக்கையும் பானக் கணக்கையுமே பேசுகின்றன.

கணக்கு இருக்குமிடத்தில் கடனும் உண்டு. கி.மு. 18ஆம் நூற்றாண்டின் ஹம்முராபி சட்டத்தில் மதுக்கடை நடத்தும் பெண்களைப் பற்றி விதிகள் உள்ளன. தானியத்தை விலையாக ஏற்க மறுத்து, பெரிய எடைக்கல்லால் வெள்ளியை நிறுத்து வாங்கி ஏமாற்றுகிறவளை ஆற்றில் எறியவேண்டும் என்கிறது ஒரு விதி. அறுபது அளவு பானத்தைக் கடனாகக் கொடுத்தவள், அறுவடையில் ஐம்பது அளவு தானியம் பெறலாம் என்கிறது மற்றொன்று. கதிர் முற்றுமுன்னரே விளைச்சலில் ஒரு பங்கு கடைக்காரியின் கணக்கில் ஏறிவிட்டது என்பதே இதன் பொருள். உணவாயிருந்த பானம் கடனாகவும் மாறியது.

இப்பின்னணியில் தீர்க்கதரிசிகளின் வாக்குகளைப் படித்தல் வேண்டும். ஏசாயா ஐந்தாம் அதிகாரத்தில், அதிகாலை முதல் சேகாரை நாடுவோர்மேல் வரும் ‘ஐயோ’ (5:11), வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்ப்போர்மேல் வரும் ‘ஐயோ’வுக்கு (5:8) அடுத்தே நிற்கிறது. சேகாரைக் கலப்பதில் சூரரானவர்களே (5:22) லஞ்சம் பெற்றுக் குற்றவாளியை விடுவிக்கிறவர்களும் ஆவர் (5:23). அரசர் சேகாரை நாடலாகாது. நாடினால் ஒடுக்கப்பட்டோரின் நியாயம் புரளும் என்கிறது நீதிமொழிகள் (31:4, 5). மீகாவிலும் வயல்களைப் பறிப்போரைப் பற்றிய அதே அதிகாரத்தில் (2:2) சேகாரைப் புகழும் பொய்ப் பிரசங்கி வருகிறான் (2:11). இவ்விடங்களில் குடி தனித்து நிற்கவில்லை. நிலமும் நீதியும் அதனோடு சேர்ந்தே பேசப்படுகின்றன.

திருமறை ஏற்கும் பானம் புளிக்காத சாறே என்று வாதிடுவோர் நம்மிடையே உண்டு. திராட்சைக்குப் பிழிந்த சாறு உண்டு. வாற்கோதுமைக்கு அதுவும் இல்லை. புளிப்பின்றி இப்பானமே இல்லை. ஆகவே எண்ணாகமம் 28:7ஐ அவ்வாதத்தால் கடக்க இயலாது. மறுபுறம், திருமறையில் உள்ளதென்று காட்டி இன்றைய சாராயத்துக்கு இடம் தேடுவதும் பொருந்தாது. வாலையில் வடித்த கடுஞ்சாராயத்தை அக்கால மக்கள் அறியார். அது பல நூற்றாண்டுகள் கழித்தே பரவியது.

குடியினால் அழியும் குடும்பங்களை அறியாத சபை நம் நாட்டில் இல்லை. மதுவுக்கு எதிரான திருச்சபையின் நிலை தளரவேண்டியதில்லை. ஆனால் அதன் அடித்தளம் செம்மையாயிருக்கவேண்டும். பண்டைய மக்கள் குடிக்கவில்லை என்ற கூற்றின்மேல் அதைக் கட்டினால், ஒரு பானையோடு அது இடிந்துவிடும். அயலானின் அப்பமும் நிலமும் நியாயமும் என்னவாகின்றன என்ற கேள்வியின்மேல் கட்டினால் நிலைக்கும். அவ்வாறு கட்டும்போது, கடை வாசலில் விழுந்துகிடக்கும் கூலியாளை மட்டும் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. ஏசாயா பேசியது வயல்களைச் சேர்த்தவர்களோடும் தீர்ப்பு வழங்கியவர்களோடுமாகும். தமிழ்நாட்டில் 2003 முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையாக விற்றுவருகிறது. அவ்வருவாயில் நடைபெறும் நன்மைகளைப் பெறுவோருள் நாமும் இருக்கிறோம். தீர்க்கதரிசியின் ‘ஐயோ’ எந்த வாசலில் ஒலிக்கவேண்டும் என்பதைச் சபை முதலில் தன்னிடமே கேட்டுக்கொள்வதாக.