குடியரசுத் தலைவர் தேர்தலில் லட்சுமி சேகல் (2002): திருவனந்தபுரத்தின் பெண் வேட்பாளர் வரலாற்றுப் பின்னணியில் ஒரு நோக்கு

முன்னுரை

இந்தியக் குடியரசின் மிக உயர்ந்த பதவிக்குப் பெண் ஒருவர் போட்டியிடுவதை மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது தேர்தல் வரலாற்றில் மட்டுமன்றிச் சமூக வரலாற்றிலும் இடம்பெறவேண்டிய வினாவாகும். 1969ஆம் ஆண்டுத் தேர்தலில் குருசரண் கவுர் என்பவர் போட்டியிட்டு மிகச் சில வாக்குகளே பெற்றார். கட்சிகளின் ஆதரவோடு, எதிரணியின் ஒரே வேட்பாளராக ஒரு பெண் நின்றது 2002ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு நான்கு இடதுசாரிக் கட்சிகள் கேப்டன் லட்சுமி சேகலை நிறுத்தின. எதிர் வேட்பாளர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம்.

இவ்விருவருமே தமிழோடும் கேரளத்தோடும் தொடர்புடையோர். ஆகவே இத்தேர்தலைத் திருவனந்தபுரத்திலிருந்து நோக்குவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. பெண் வேட்பாளர்களை இந்நகரம் எதிர்கொண்ட முறை அறுபது, எழுபது ஆண்டுகளில் எவ்வாறு மாறியது, எது மாறாமல் நின்றது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

அவதூறு என்னும் எதிர்வினை

திருவிதாங்கூரில் பெண்கள் சட்டமன்றத்தினுள் நுழைந்தது முதலில் நியமன வழியாகவே. மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ் 1920களில் திருவிதாங்கூர்ச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பெற்றார். அரசின் விருப்பத்தால் அமர்த்தப்பட்ட உறுப்பினரை ஏற்பதில் சமூகத்திற்குப் பெரிய இடர்ப்பாடு இருக்கவில்லை. ஒரு பெண் தானே முன்வந்து வாக்குக் கேட்டபோதுதான் சிக்கல் எழுந்தது.

அன்னா சாண்டி (1905–1996) திருவனந்தபுரத்தில் பிறந்தவர். கேரளத்தில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி. ‘ஸ்ரீமதி’ என்னும் மலையாள மகளிர் இதழைத் தொடங்கி நடத்தியவர். பெண்கள் அரசுப் பணியில் சேர்வதை எதிர்த்து அறிஞர் டி. கே. வேலுப்பிள்ளை பேசியபோது, அதனை மறுத்து அவர் ஆற்றிய உரை (1929) கேரளப் பெண்ணுரிமை வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அவர் 1930களின் தொடக்கத்தில் ஸ்ரீமூலம் மக்கள் சபைத் தேர்தலில் நின்றபோது போட்டியாளர்களும் சில செய்தித்தாள்களும் பகைமை காட்டின. அவருடைய ஒழுக்கத்தை ஐயுறும் அவதூறுகள் பரப்பப்பட்டன. அவற்றிற்குத் தம் இதழிலேயே அவர் மறுமொழி எழுதினார். பின்னர் வெற்றி பெற்று 1932 முதல் 1934 வரை உறுப்பினராக இருந்தார்.

இந்நிகழ்வில் ஒன்று நோக்கத்தக்கது. அன்னா சாண்டியின் கருத்துகள் தெளிவானவை. மறுத்துப் பேசுவதற்கு இடந்தருபவை. ஆயினும் அவதூறு பரப்பியோர் அவற்றை மறுக்கவில்லை. கருத்தை விடுத்து ஆளைத் தாக்கினர். பின்னாளில் அவர் மாவட்ட நீதிபதியாகவும், 1959இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் உயர்ந்தார். அப்பதவிகளும் நியமன வழியில் வந்தவை என்பது எண்ணத்தக்கது.

ஆனி மஸ்கரீனும் கௌரியம்மாவும்

விடுதலைப் போராட்டமும் திருவிதாங்கூர் மாநிலக் காங்கிரசின் எழுச்சியும் நிலைமையை ஓரளவு மாற்றின. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஆனி மஸ்கரீன் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். முதல் பொதுத்தேர்தலில் திருவனந்தபுரம் தொகுதியில் சுயேச்சையாக நின்று மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கேரளப் பகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற முதல் பெண் அவரே. கட்சியின் துணையின்றி ஒரு பெண் வெல்ல இயலும் என்பதை இந்நகர வாக்காளர்கள் அன்றே காட்டிவிட்டனர்.

எனினும் தலைமைப் பதவி என வரும்போது தயக்கம் நீடித்தது. 1957ஆம் ஆண்டு அமைச்சரவையில் வருவாய்த்துறைப் பொறுப்பேற்று நிலச்சீர்திருத்தத்திற்கு வித்திட்டவர் கே. ஆர். கௌரியம்மா. 1987ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் அவரே முதலமைச்சராவார் என்னும் முழக்கம் கேரளமெங்கும் ஒலித்தது. இடது முன்னணி வென்றதும் முதலமைச்சரானவர் ஈ. கே. நாயனார். பெண்ணொருவர் தலைமையேற்பார் என்னும் எதிர்பார்ப்பை மக்கள் வரவேற்றனர். கட்சித் தலைமை வேறு முடிவெடுத்தது. 1956இல் மாநிலம் உருவானது முதல் 2021ஆம் ஆண்டுத் தேர்தல் முடியக் கேரளத்தில் பெண் எவரும் முதலமைச்சராகவில்லை.

இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்பிட்டால், தடை எப்போதும் வாக்காளரிடமிருந்தே வருகிறது என்னும் பொதுக்கருத்து முழுமையானதன்று என்பது புலனாகும். வேட்பாளரைத் தெரிவு செய்யும் இடத்திலேயே பல முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன.

2002ஆம் ஆண்டின் களம்

2002 ஜூன் மாதம் தேசிய ஜனநாயகக் கூட்டணி அப்துல் கலாமை வேட்பாளராக அறிவித்தது. காங்கிரசும் சமாஜ்வாதிக் கட்சியும் ஆதரித்தன. தமிழகத்தில் எதிரெதிராக நின்ற தி.மு.க., அ.தி.மு.க. ஆகிய இரண்டும் அவரையே ஆதரித்தன. பதவியிலிருந்த கே. ஆர். நாராயணன் கேரளத்தவர், அவர் மீண்டும் நிற்கவேண்டும் என விரும்பிய இடதுசாரிகள், அது கைகூடாத நிலையில் தனி வேட்பாளரை நிறுத்த முடிவு செய்தனர். மார்க்சிஸ்ட் கட்சி, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, புரட்சிகர சோசலிஸ்ட் கட்சி, பார்வர்டு பிளாக் ஆகிய நான்கும் லட்சுமி சேகலை முன்மொழிந்தன. அப்போது அவருக்கு வயது 87.

லட்சுமி 1914 அக்டோபர் 24ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தை சென்னை உயர்நீதிமன்ற வழக்கறிஞர் சுவாமிநாதன். தாய் பாலக்காட்டுப் பகுதி ஆனக்கர வடக்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மு சுவாமிநாதன். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்றுப் பின்னர்ச் சிங்கப்பூர் சென்றார். 1943இல் நேதாஜியின் அழைப்பை ஏற்று ஜான்சிராணிப் படையைத் தலைமையேற்று நடத்தினார். மலேயாவின் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களே அப்படையில் மிகுதி. விடுதலைக்குப் பின் கான்பூரில் குடியேறி மருத்துவப் பணி ஆற்றினார். 1971இல் வங்காளதேச அகதிகளிடையேயும், 1984இல் போபால் நச்சுவாயு விபத்துக்குப் பின்னரும் அவர் பணி தொடர்ந்தது. 1981இல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தோன்றியபோது அதன் நிறுவனர்களுள் ஒருவராக இருந்தார்.

எதிர்வினைகளின் வகைகள்

லட்சுமி சேகலின் வேட்பு அறிவிக்கப்பட்டபோது எழுந்த எதிர்வினைகளை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, போட்டி எதற்கு என்னும் வினா. பெரும்பாலான கட்சிகள் ஒரு பெயரில் இணைந்துவிட்ட நிலையில் இது அடையாளப் போட்டி மட்டுமே என்று இதழ்கள் எழுதின. கலாம் மீது நாடெங்கும் நிலவிய அன்பு இவ்வினாவிற்கு வலுவூட்டியது. திருவனந்தபுரத்தில் அது இன்னும் கூடுதல். 1963 நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி விண்ணில் செலுத்தப்பட்ட காலந்தொட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் இந்நகரில் பணிபுரிந்தவர். தமிழகத்திற்கு இராமேசுவரத்து மகனாகவும், திருவனந்தபுரத்திற்குத் தும்பாவின் அறிவியலாளராகவும் அவர் நெருக்கமானவராக இருந்தார்.

இரண்டாவது, வேட்பாளரின் கடந்தகாலத்தைப் போற்றுதல். ‘கேப்டன்’ என்னும் அடைமொழியே செய்திகளில் முன்னின்றது. படைச் சீருடையில் அவர் நின்ற பழைய ஒளிப்படங்கள் நினைவுக்குக் கொணரப்பட்டன. அவர் வீராங்கனை என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆயின் 1945க்குப் பிந்தைய அரை நூற்றாண்டுப் பொதுப்பணி இப்போற்றுதலில் பின்தள்ளப்பட்டது.

மூன்றாவது, இடதுசாரிகளின் நிலைப்பாட்டில் உள்ள முரண் பற்றியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நேதாஜி ஜப்பானியரோடு கொண்ட கூட்டுறவைப் பொதுவுடைமைக் கட்சி கடுமையாகச் சாடியது. அதே மரபில் வந்த கட்சிகள் நேதாஜியின் படைத்தலைவி ஒருவரை வேட்பாளராக்கியது விந்தையாகத் தோன்றிற்று. இவ்விமரிசனம் வரலாற்று அடிப்படை உடையது. எனினும் அது கட்சியைப் பற்றியதேயன்றி வேட்பாளரைப் பற்றியதன்று. லட்சுமி 1970களிலேயே மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர்.

இம்மூன்றினிடையே அவர் முன்வைத்த வாதம் போதிய கவனம் பெறவில்லை. இது ஆட்களுக்கிடையிலான போட்டியன்று, கொள்கைப் போட்டி என்றே அவர் விளக்கினார். அவ்வாண்டுத் தொடக்கத்தில் குஜராத்தில் நிகழ்ந்த வகுப்புக் கலவரங்களின் பின்னணியில், மதச்சார்பின்மையைக் காக்கும் அரசியல் பட்டறிவு உடையவரே அப்பதவிக்குத் தேவை என்பது அவரை நிறுத்திய கட்சிகளின் வாதம். அதனை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் வேட்பாளரின் அகவையும் வீரமும் பேசப்பட்ட அளவுக்கு அவ்வாதம் பேசப்படவில்லை.

வாக்கும் மதிப்பும்

குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அரசமைப்பின் 54ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் மாநிலச் சட்டப்பேரவைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே வாக்களிக்கின்றனர். 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையின் அடிப்படையில் கேரளச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 152. உறுப்பினர் 140 பேருக்கும் சேர்த்து 21,280. 2001ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய ஜனநாயக முன்னணி 99 இடங்களையும் இடது ஜனநாயக முன்னணி 40 இடங்களையும் பெற்றிருந்தன. ஆகவே லட்சுமியின் தாய்வழி மாநிலத்திலேயே அவர் எதிர்பார்க்கக்கூடிய மதிப்பு ஏறத்தாழ 6,080 மட்டுமே.

2002 ஜூலை 15இல் வாக்குப்பதிவு நடைபெற்றது. ஜூலை 18இல் வெளியான முடிவின்படி கலாம் 9,22,884 மதிப்பும் லட்சுமி சேகல் 1,07,366 மதிப்பும் பெற்றனர். பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட ஆதரவு இது. இத்தோல்வியைப் பெண் என்பதால் நேர்ந்த தோல்வி எனக் கூறுவது பொருந்தாது. கட்சிகளின் எண்ணிக்கையே முடிவைத் தீர்மானித்தது. பால்வேறுபாட்டின் செல்வாக்கை வாக்கு எண்ணிக்கையில் தேடுவதைவிட, வேட்பாளரைப் பற்றிப் பேசிய முறையில் தேடுவதே முறையாகும்.

பிந்தைய தேர்தல்கள் இதனை உறுதி செய்கின்றன. 2007இல் பிரதிபா பாட்டீல் 6,38,116 மதிப்புப் பெற்று முதல் பெண் குடியரசுத் தலைவரானார். இடதுசாரிகளும் அவரை ஆதரித்தனர். 2017இல் மீரா குமாருக்குக் கேரளச் சட்டப்பேரவையில் 138 வாக்குகளும், எதிர்த்து நின்ற ராம்நாத் கோவிந்துக்கு ஒரு வாக்கும் கிடைத்தன. 2022இல் திரௌபதி முர்முவுக்கு அதே அவையில் ஒரே ஒரு வாக்கும், யஷ்வந்த் சின்காவுக்கு 139 வாக்குகளும் கிடைத்தன. ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே அவை ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய முழு ஆதரவையும், மற்றொரு பெண்ணுக்கு ஏறக்குறைய முழு எதிர்ப்பையும் அளித்தது. இரண்டிலும் கட்சியே காரணம்.

சொல்லும் பதவியும்

2007ஆம் ஆண்டில் ‘ராஷ்டிரபதி’ என்னும் சொல்லைப் பெண்ணுக்கு வழங்கலாமா என்ற விவாதம் எழுந்தது. ‘பதி’ என்பது தலைவன், கணவன் என்னும் இருபொருளும் தருவதே இதற்குக் காரணம். மலையாளத்திலும் இச்சொல்லே வழக்கு. தமிழில் இத்தகைய சிக்கல் எழவில்லை. அகப்பொருள் மரபில் தலைவன், தலைவி எனப் பால்வேறுபாடு உண்டு. பொதுவாழ்வில் வழங்கும் ‘தலைவர்’ என்பதோ பலர்பால் ஈறு பெற்று உயர்வு குறித்து வருவதால் இருபாலார்க்கும் பொதுவாகிறது. இலக்கணம் தடை செய்யாத இவ்விடத்தில் வழக்கு ஒரு வேறுபாட்டைப் புகுத்துகிறது. ‘பெண் வேட்பாளர்’ என எழுதும் இதழ்கள் ‘ஆண் வேட்பாளர்’ என எழுதுவதில்லை. ஆண் இயல்பானவர், பெண் விதிவிலக்கு என்னும் கருத்து இவ்வடைமொழியில் தங்கியுள்ளது.

அரசமைப்பின் 58ஆம் பிரிவு குடிமகராயிருத்தல், 35 அகவை நிறைதல், மக்களவை உறுப்பினராகும் தகுதி ஆகியவற்றையே கோருகிறது. பால் பற்றி எவ்வரையறையும் விதிக்கவில்லை. இவ்விதிகளை வகுத்த அரசியல் நிர்ணய சபையில் ஆனி மஸ்கரீன், தாட்சாயணி வேலாயுதன், அம்மு சுவாமிநாதன் ஆகிய கேரளத் தொடர்புடைய மூன்று பெண்கள் இடம்பெற்றிருந்தனர். அம்முவின் மகளே அரை நூற்றாண்டுக்குப் பின் அவ்விதியின்கீழ் வேட்பாளரானார்.

முடிவுரை

அன்னா சாண்டியின் காலத்தில் பெண் வேட்பாளருக்குக் கிடைத்தது அவதூறு. லட்சுமி சேகலுக்குக் கிடைத்தது புகழுரை. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. ஒழுக்கத்தின்மீது சேறு பூசப்படாமல் ஒரு பெண் நாட்டின் உயர்பதவிக்குப் போட்டியிட முடிந்தது சமூக முன்னேற்றமே. ஆயினும் அவதூறும் புகழுரையும் ஒரு விளைவில் ஒன்றுபடுகின்றன. இரண்டிலும் வேட்பாளரின் ஆளுமை பேசுபொருளாகிறது. அவர் சொல்லும் கருத்து விடுபடுகிறது.

லட்சுமி சேகல் தேர்தலுக்குப் பின்னரும் கான்பூரில் நோயாளிகளைக் கவனித்து வந்தார். 2012 ஜூலை 23இல் மறைந்தார். அவருடைய வேட்பினைத் தோல்விக் கணக்காக மட்டும் பதிவு செய்தல் போதாது. வெல்ல வாய்ப்பில்லாத களத்திலும் ஒரு கொள்கைக்கு வாக்குக் கேட்ட நிகழ்வாக அதனைக் கொள்வதே வரலாற்றுக்கு ஏற்புடையது. பெண் வேட்பாளர்களைப் பற்றிய இனிவரும் ஆய்வுகள், அவர்கள் பெற்ற வாக்குகளோடு அவர்களிடம் கேட்கப்பட்ட வினாக்களையும் கேட்கப்படாத வினாக்களையும் தொகுத்து நோக்குமாயின் இத்துறை மேலும் தெளிவு பெறும்.