காலைநேர மிஸ்ஸிங்: டீசல் பிக்கப் பழுதறியும் முறைகளின் வரலாறு

டீசல் எஞ்சினைக் காலையில் முதல்முறை இயக்கும்போது மட்டும் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் வண்டி குலுங்கி, வெண்புகை விட்டு, சில நிமிடங்களில் தானாகச் சீராகிவிடும் கோளாறு பட்டறை வழக்கில் ‘மிஸ்ஸிங்’ எனப்படுகிறது. பழைய பிக்கப் வண்டிகளில் இது பரவலானது. எல்லா நாளும் வராது. வந்த நாளிலும் பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடேறிக் கோளாறு மறைந்துவிடும். மெக்கானிக் பார்க்கும்போது வண்டி நன்றாகவே ஓடும். இதனால் பழுதில்லாத நாசிலையும் பம்பையும் மாற்றிப் பணம் இழந்த வண்டி உரிமையாளர்கள் பலர்.

திருவள்ளூர் மாவட்டத்தில் டீசல் வண்டிக்குத் தனி வரலாறு உண்டு. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டு 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. திருவள்ளூரில் மண்வாரி எந்திரங்களுக்காக 1971இல் ஆலை அமைத்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்களையும் பின்னர் பஜேரோவையும் அங்கே தயாரித்தது. இசுசு நிறுவனம் தன் எம்யு-7 வண்டியையும் டி-மேக்ஸ் பிக்கப்பையும் முதலில் இதே திருவள்ளூர் ஆலையில்தான் ஒப்பந்த முறையில் பூட்டியது. 2016 ஏப்ரலில், கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டியுள்ள ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்தது. லான்சர், பஜேரோ ஆகியவற்றின் டீசல் எஞ்சின்கள் பழைய மறைமுக உட்செலுத்தல் முறையின. இசுசு எஞ்சின்கள் காமன் ரயில் முறையின. ஒரே ஆலை இரு தலைமுறைகளையும் கண்டது. இந்த வேறுபாட்டில்தான் பழுதறியும் முறையின் வரலாறும் அடங்கியிருக்கிறது.

குளிரில்லாத ஊரில் குளிர்நிலை

கும்மிடிப்பூண்டியில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். அங்கே குளிரால் எஞ்சின் தடுமாறுவது எப்படி என்ற கேள்வி நியாயமானது. இங்கு ‘குளிர்நிலை’ என்பது வானிலையைக் குறிப்பதன்று. இரவு முழுதும் நின்று ஆறிப்போன எஞ்சினைக் குறிக்கும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ள வேண்டும். 1909இல் பென்ஸ் நிறுவனத்தின் புரோஸ்பர் லொராஞ்ச் முன்னறை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். எரிதல் ஒரு சிறு அறையில் தொடங்குவதால் ஓசை குறைந்தது. ஆனால் அந்த அறையின் சுவர்களே காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். அதற்கு ஈடாக அழுத்த விகிதத்தை ஏறத்தாழ 22:1 வரை உயர்த்தியும் போதவில்லை. எனவே அறைக்குள் மின்சாரத்தால் பழுக்கும் ‘ஹீட்டர் பிளக்’ சேர்க்கப்பட்டது. மகிந்திரா பியூஜோ உரிமத்துடன் செய்த எக்ஸ்டிபி எஞ்சினும் இவ்வகையே. இத்தகைய எஞ்சினுக்கு 20 பாகையிலும் ஹீட்டர் தேவை. நேரடி உட்செலுத்தல் எஞ்சினுக்கு நம் ஊர் வெப்பத்தில் அது இல்லாமலும் ஓடும். டாடா 207 டிஐ என்ற பெயரில் உள்ள ‘டிஐ’ அந்த முறையைத்தான் குறிக்கிறது.

தொடக்கக் கால ஹீட்டர் பிளக்குகள் தொடர் இணைப்பில் இருந்தன. ஒன்று அறுந்தால் எல்லாமே அணையும்; வண்டி கிளம்பவே கிளம்பாது, காரணமும் எளிதில் தெரியும். பிற்காலத்தில் உறையிட்ட பிளக்குகள் பக்க இணைப்பில் வந்தன. ஒன்று கெட்டால் மற்ற மூன்றும் எரியும், வண்டியும் கிளம்பிவிடும். காலைநேர மிஸ்ஸிங் புதிராக மாறியதற்கு இந்த முன்னேற்றமும் ஒரு காரணம்.

காதும் ஸ்பேனரும்

இதற்குப் பழைய ஃபிட்டர்களின் முதல் மருந்து பொறுமை. வண்டியை இரவே பட்டறையில் விட்டுவிட வேண்டும். விடிந்ததும் ஃபிட்டரே முதல் சாவி போட வேண்டும். எஞ்சின் தடுமாறும்போது நாசில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்துவார். நல்ல சிலிண்டருக்குரிய நட்டைத் தளர்த்தினால் ஓசை இன்னும் மோசமாகும். எதைத் தளர்த்தியும் ஓசை மாறவில்லையோ அதுவே எரியாத சிலிண்டர். பிறகு அதன் ஹீட்டர் பிளக்கைச் சோதனை விளக்கால் பார்ப்பார். பிளக்கின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியின் நேர்முனைக்கும் பிளக் முனைக்கும் இடையே விளக்கைப் பிடித்தால் எரிய வேண்டும். எரியாவிட்டால் பிளக் அறுந்துவிட்டது.

பிளக் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் காற்று. குழாய் இணைப்பிலோ ரப்பர் வாஷரிலோ மயிரளவு கசிவு இருந்தாலும் இரவில் டீசல் தொட்டிக்குத் திரும்ப வடிந்து, அந்த இடத்தில் காற்று புகுந்துவிடும். ஏற்றமான இடத்தில் முகப்பு மேலாக நிறுத்திய இரவில் டீசல் அதிகமாக வடியும். சமதளத்தில் நிறுத்திய இரவில் ஒன்றும் நேராது. ‘சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை’ என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படியொரு சாதாரணக் காரணமே இருக்கும். காலையில் எஞ்சினை இயக்கும் முன் கைப்பம்பை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பலமுறை அழுத்தியபிறகே அது இறுகுமானால் இரவில் டீசல் வடிந்திருக்கிறது. ஐயமிருந்தால் பம்புக்கு முன் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக் குமிழிகளைப் பார்க்கலாம். செலவு சில ரூபாய்தான்.

ஸ்கேனர் வந்த பின்

1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் காமன் ரயில் முறை விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரல் முதல் ஓபிடி எனும் தற்சோதனைக் கருவி கட்டாயமாகி, 2013இல் அதன் இரண்டாம் நிலை வந்தது. கிராங்க் தண்டு சுழலும் வேகம் ஒவ்வொரு எரிதலிலும் எவ்வளவு கூடுகிறது என்பதைக் கணினி கவனித்துச் சோர்ந்த சிலிண்டரை அடையாளம் காண்கிறது. முதல் சிலிண்டர் ஹீட்டர் சுற்று கெட்டால் பி0671, நான்காவது கெட்டால் பி0674 என்ற குறியீடு பதிவாகும். கோளாறு மறைந்த பின்னும் குறியீடு நினைவில் நிற்பது பெரிய வசதி.

இங்கே ஓர் ஆபத்தும் நுழைந்தது. பழைய நாசில் 100 முதல் 150 பார் அழுத்தத்தில் திறக்கும். காமன் ரயிலில் முதல் தலைமுறையிலேயே அழுத்தம் 1,350 பார் வரை சென்றது. வண்டி நின்ற இடத்தில் ஓடும்போதே சில நூறு பார் இருக்கும். பழக்கதோஷத்தில் அந்த நட்டைத் தளர்த்தினால் ஊசிபோல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியதுபோல மட்டுமே தெரியும். உள்ளே திசு அழுகிவிடும். உடனடி அறுவை சிகிச்சை இல்லையேல் விரலையோ கையையோ இழக்க நேரிடும். தலைமுறை தலைமுறையாகக் குருவிடம் கற்ற ஒரு நல்ல முறை, எஞ்சின் மாறியதும் கையைப் பறிக்கும் முறையாகிவிட்டது. காமன் ரயிலில் நட்டைத் தொடாமல், ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு குழாயிலும் ஒரு குப்பியை மாட்டி, எதில் டீசல் அதிகம் சேர்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான வழி.

ஸ்கேனரும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. வாஷர் வழியே இரவில் புகும் காற்றுக்கென்று தனிக் குறியீடு எதுவும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க இன்றும் வண்டியை இரவு பட்டறையில் நிறுத்தி, விடிந்ததும் கண்ணாடிக் குழாயைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.