விளையாட்டும் கூலியும்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு, பிறந்த நாளிலேயே பணத்தின் மடியில் தவழ்ந்தது. 1852இல் ஹார்வர்டும் யேலும் மோதிய முதல் படகுப் போட்டிக்குச் செலவழித்தது ஒரு ரயில் கம்பெனி. ஆயினும், மாணவர் ஊதியம் பெறலாகாது என்பதே 1906இல் தோன்றிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கொள்கையாயிற்று.

1955இல் கொலராடோ மாநிலத்தில், அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் தலையில் அடிபட்டு ஒரு மாணவர் மாண்டார். அவருடைய மனைவி தொழிலாளர் நஷ்டஈடு கேட்டு வழக்காடினார். கல்லூரி கால்பந்து வணிகம் நடத்தவில்லை என்று கூறி, 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இத்தகைய வழக்குகளுக்கு அஞ்சியே 'மாணவ வீரர்' என்னும் சொல்லைச் சங்கம் கேடயமாக ஏந்தியது. அச்சங்கத்தை 1951 முதல் 1987 வரை நிர்வகித்த வால்டர் பையர்ஸ், 1995இல் வெளியிட்ட நூலில், தாம் காத்த அமைப்பையே கடிந்துரைத்தார்.

கல்வி உதவித்தொகையே போதிய கூலியன்றோ என்பார் உளர். கூலியாயின், அதன் அளவை முதலாளிகள் மட்டும் கூடி வரையறுப்பது முறையாகுமா? கல்வி சார்ந்த சலுகைகளுக்குச் சங்கம் விதித்த வரம்பு சட்டவிரோதம் என 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். 2025இல் ஏற்கப்பட்ட சமரச ஒப்பந்தம், முதலாண்டில் ஒவ்வொரு கல்லூரியும் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்குப் பகிர வழிவிட்டது.

பணம் வந்தது, ஆனால் அவ்வொப்பந்தமும் அவர்களைத் தொழிலாளர் என ஏற்கவில்லை. அந்த விதவை எழுப்பிய வினாவுக்கு அது விடையன்று.