பொழுதடைவதற்குள்

முக்கூடல் என்றதும் நமக்கு முக்கூடற்பள்ளுதான் ஞாபகம் வரும். ஆனால் பள்ளு பாடும் முக்கூடல் சீவலப்பேரிப் பக்கம், சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் இடம். இன்றைக்குப் பஸ் போர்டில் எழுதியிருக்கும் முக்கூடல் வேறு. அதே ஆற்றங்கரையில் மேற்கே, பீடிக்குப் பேர்போன ஊர். இரண்டையும் போட்டுக் குழப்பாதவர்கள் குறைவு. இந்தக் கட்டுரைக்கு இரண்டுமே வேண்டும்.

பள்ளில் குடும்பன் வயல் வேலையைக் கவனிக்காமல் இளையவள் வீடே கதி என்று கிடக்கிறான். பண்ணைக்காரன் அவனைத் தொழுவில் மாட்டுகிறான். மூத்தவள்தான் கெஞ்சிக் கூத்தாடி மீட்டுக்கொண்டு வருகிறாள். படிக்கும்போது சிரிப்பு வரும் இடம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வேலை நின்றதும் பிடிபடுவது ஆளின் கால். அவனிடம் பிடிப்பதற்கு வேறு என்ன இருக்கிறது?

நிலவரி பாக்கிக்கும் நெடுங்காலம் இதுதான் வழி. கம்பெனி ஆட்சியில், தாமஸ் மன்றோ பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ரயத்துவாரி முறையில், ஒவ்வொரு விவசாயியும் சர்க்காருக்கு நேரடிக் கடன்காரன். கிஸ்தி கட்டவில்லையென்றால் தாசில்தாரின் சேவகன் வாசலில் நிற்பான். 1854-ல் லண்டன் பார்லிமென்ட்டில் இது பேச்சாகி, எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் அடங்கிய கமிஷன் போடப்பட்டது. 1855-ல் வந்த அந்த 'சென்னை மாகாணச் சித்திரவதை அறிக்கை'யை நான் இரவு வேலைக்கு நடுவே பில்ட் ஓடும் நேரங்களில் படித்தேன். தூக்கம் போனதுதான் மிச்சம். விரலை நெரிக்கும் கிட்டி. கழுத்தையும் கால் பெருவிரலையும் ஒரே கயிற்றில் கட்டிக் குனியவைத்து வெயிலில் நிறுத்துவது. சில சமயம் முதுகில் ஒரு கல். சாப்பிடப் போகவிடாமல் உட்காரவைப்பது. எல்லாம் சில ரூபாய்க்கு, சில அணாவுக்குக்கூட.

அறிக்கை வெளிவந்து ஒன்பது ஆண்டுகளில் ஒரு சட்டம் வந்தது. 1864-ஆம் ஆண்டின் இரண்டாவது சட்டம், மதராஸ் வருவாய் வசூல் சட்டம். ஏலம் அதற்கு முன்பும் இருந்தது. ஜமீன்கள் பாக்கிக்கு ஏலம் போன கதை நிறைய. இந்தச் சட்டம் அதைப் படிப்படியான நடைமுறையாக்கியது. முதலில் டிமாண்ட் நோட்டீஸ். பிறகு ஜப்தி. பிறகு ஏல அறிவிப்பு, இங்கிலீஷிலும் ஜில்லா பாஷையிலும். அது கலெக்டர் கச்சேரியில், தாலுகா கச்சேரியில், பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில், அப்புறம் அந்த நிலத்திலேயே கண்ணில் படும் இடத்தில் ஏலத்துக்கு ஒரு மாதம் முன்பே ஒட்டப்பட வேண்டும். ஏலம் எடுத்தவர் அங்கேயே 15 சதவீதம் கட்ட வேண்டும். மிச்சத்துக்கு 30 நாள். தவறினால் கட்டிய பணம் போச்சு, நிலம் மறுபடி ஏலத்துக்கு வரும்.

சட்டப் புத்தகத்தில் கவித்துவம் தேடுகிறவன் இல்லை நான். ஆனால் 37-ஆம் பிரிவில் ஒரு வார்த்தை கிடக்கிறது. ஏலத்துக்குக் குறித்த நாளுக்கு முந்தின நாள் சூரியன் மறைவதற்குள் பாக்கியைக் கட்டிவிட்டால் ஏலம் நின்றுவிடும். அவரேதான் வர வேண்டும் என்றில்லை. நிலத்தில் பாத்தியதை உள்ள யாரும் கட்டலாம். வங்காளத்திலும் 'சூரியாஸ்தமனச் சட்டம்' என்று ஒன்று இருந்தது. அங்கே குறித்த நாளில் பொழுது சாய்ந்தால் ஜமீன் ஏலத்துக்குப் போகும். இங்கே அதே பொழுது கடைசி அவகாசம். தாலுகா ஆபீஸுக்கு மாட்டுவண்டியில் போக வேண்டிய காலத்தில், மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வண்டியை விரட்டியவர்கள் இந்த ஆற்றங்கரையில் எத்தனை பேரோ!

ஏலம் முடிந்த பிறகும் ஒரு கதவு உண்டு. பிற்பாடு சேர்த்த 37-ஏ பிரிவின்படி, 30 நாளுக்குள் பாக்கியோடு ஏலத்தொகையில் 5 சதவீதம் சேர்த்துக் கட்டினால் ஏலத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த 5 சதவீதம் ஏலம் எடுத்தவருக்கு.

42-ஆம் பிரிவுக்கு இரண்டு முகம். நிலவரிக்காக விற்ற நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் போகும். அடமானம் வாங்கியவர், கடன் கொடுத்தவர், எல்லார் பிடியும் அந்த நிலத்தை விட்டு நழுவிவிடும். எங்கள் தொழிலில் 'கேஸ்கேட் டெலிட்' என்போம்: ஒரு வரியை அழித்தால் அதைத் தொங்கிக்கொண்டிருந்ததெல்லாம் சேர்ந்து அழியும். சர்க்கார் கடன் மற்ற எல்லாக் கடனுக்கும் முந்தியது என்பதன் முழு அர்த்தம் இதுதான். இன்னொரு முகம்: பாக்கி, வட்டி, செலவு போக மிச்சமிருந்தால் அது நிலம் இழந்தவருக்கே திரும்ப வேண்டும்.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ஹென்னெபின் கவுண்டி, 94 வயது மூதாட்டி ஒருவரின் வீட்டைச் சுமார் 15,000 டாலர் பாக்கிக்கு எடுத்துக்கொண்டு 40,000 டாலருக்கு விற்றது. மிச்சம் 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. அது தவறு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது 2023 மே மாதத்தில். காலனிக்காரன் 1864-ல் எழுதிவைத்த ஒரு வரிக்கு அங்கே அத்தனை காலம் ஆனது. அவனுக்குச் சர்டிபிகேட் கொடுக்க இதைச் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 48-ஆம் பிரிவு, வேண்டுமென்றே கட்டாமல் இழுத்தடிக்கிறார் என்று கலெக்டர் நம்பினால் ஆளையே சிறையில் போடலாம் என்கிறது. பாக்கி 50 ரூபாய்க்குள் என்றால் மூன்று மாதம், 500-க்குள் ஆறு மாதம், அதற்கு மேல் போனால் இரண்டு வருஷம் வரை. தொழுமரம் முழுசாகப் போகவில்லை. வருமான வரி பாக்கிக்காகக் கைதான மலபார்க்காரர் ஒருவரின் வழக்கில், 1957-ல், சுதந்திர இந்தியாவின் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவு செல்லும் என்றது. இது தண்டனை இல்லையாம், வசூலிக்க ஒரு வழியாம்.

ஏல அறிவிப்பு காகிதத்தில் ஒட்டப்பட்டாலும் ஊர் அதைக் காதால்தான் கேட்டது. தண்டோரா. யார் வீட்டு நிலம் என்று பேரைச் சொல்லிப் பறையடித்தால் மானம் முதலில் ஏலம் போய்விடும். அடித்தவருக்கும் அது மானமான வேலை இல்லை. சாதி அவர் தலையில் கட்டிய வேலை. 2022 ஆகஸ்டில்தான் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தண்டோரா வேண்டாம், ஒலிபெருக்கி போதும் என்று கலெக்டர்களுக்கு எழுதினார்.

இன்றைக்கு நிலவரிக்காக யாருடைய நிலமும் ஏலம் போவதாகக் கேள்விப்படுவதே அபூர்வம். தொகை அவ்வளவு சின்னது. ஆனால் சட்டம் படுத்துக் கிடக்கவில்லை. 'நிலவரி பாக்கியைப் போலவே வசூலிக்கலாம்' என்ற ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டு, நிலத்துக்குச் சம்பந்தமே இல்லாத எத்தனையோ பாக்கிகள் இதற்குள் வந்துவிட்டன. 1972-ல் வந்த பணிக்கொடைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு 2025 வரை அதில் ஒன்றாக இருந்தது. முதலாளி பணிக்கொடையைத் தரவில்லையென்றால், அதிகாரி கலெக்டருக்குச் சான்று அனுப்பலாம். கலெக்டர் அதை நிலவரி பாக்கி போல வசூலித்துத் தொழிலாளியிடம் கொடுக்க வேண்டும்.

இப்போது பீடி முக்கூடலுக்கு வருவோம். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து இலை சுற்றுகிற பெண்ணையும் தொழிலாளி என்றே ஏற்றது. கம்பெனிகள் எதிர்த்துப் போன வழக்கில் 1974-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. ஆக, முப்பது வருஷம் இலை சுற்றிய ஓர் அக்காவுக்குச் சேர வேண்டிய பணத்துக்காக, அன்று ரயத்தைப் பிழிய எழுதிய அதே காகிதம் இன்று கம்பெனி வாசலில் ஒட்டப்படலாம். அந்த அக்கா முதலில் தான் வேலை பார்த்தேன் என்று நிரூபிக்க வேண்டும், பாஸ்புக் யார் பேரில் இருக்கிறது என்று காட்ட வேண்டும், தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டும். அத்தனையும் தாண்டி ஒருநாள் ஏலத் தேதி குறிக்கப்பட்டால், முந்தின நாள் பொழுதடையும் வரை முதலாளிக்கும் நேரம் உண்டு.