டூலி வீதியில் விழுந்த சுவர்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளி இரவு, நான் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில் எண்ணெய்த் தாச்சி தீப்பற்றிக்கொண்டது. நெருப்பு புகைபோக்கிக்குள் ஏறிவிட்டது. எல்லோரும் ஓடிவந்து வால்தம்ஸ்டோ வீதியோரம் குளிரில் நின்றோம். சில நிமிடங்களில் தீயணைப்பு வண்டி வந்தது. இறங்கியவர்கள் கேட்டது ஒன்றுதான்: உள்ளே யாராவது இருக்கிறார்களா? விசா உண்டா, காப்புறுதி உண்டா, கடை யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. அகதியாக வந்த நாள் முதல் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பழகிய எனக்கு அது புதுமையாக இருந்தது.

இந்த நகரத்திலும் அது எப்போதும் அப்படி இருக்கவில்லை என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன்.

ஜேம்ஸ் பிரெய்ட்வுட் 1800இல் எடின்பரோவில் பிறந்தவர். கட்டிடத் தொழில் அறிந்தவர். 1824இல், 24 வயதில், அந்த நகரின் தீயணைப்புப் படைக்குத் தலைவரானார். அதுவரை வீதியில் நின்று தண்ணீர் பீய்ச்சுவதே தீயணைப்பு. அவரோ, உள்ளே போய் நெருப்பின் மூலத்தைத் தேடுங்கள், தனியே போகாதீர்கள், புகை சூழ்ந்தால் நிலத்தோடு தவழுங்கள், நல்ல காற்று அங்கேதான் இருக்கும் என்று தன் ஆட்களைப் பழக்கினார்.

1833இல் லண்டனுக்கு அழைக்கப்பட்டார். இங்கே தீயணைப்பு அரசின் வேலையாக இருக்கவில்லை. காப்புறுதிக் கம்பனிகள் ஒன்றுசேர்ந்து ஒரு படையை அமைத்திருந்தன. மற்ற இடங்களுக்கும் அந்தப் படை போனதுண்டு. ஆனால் அதன் நோக்கம் காப்புறுதி செய்த சொத்தைக் காப்பது. ஏணியோடு வந்து உயிர்களைக் காப்பாற்ற வேறொரு தருமச் சங்கம் இருந்தது. எண்பது பேரளவிலான ஆட்களோடு, 28 வருடங்கள், பிரெய்ட்வுட் இந்தப் பெருநகரின் நெருப்போடு மல்லுக்கட்டினார்.

1861 ஜூன் 22, சனிக்கிழமை. தேம்ஸ் கரையில், டூலி வீதியை ஒட்டிய கொட்டன்ஸ் துறையின் பண்டகசாலையில் தீப்பிடித்தது. உள்ளே சணல், பருத்தி, சீனி, கொழுப்பு. பண்டகசாலைகளை இரும்புக் கதவுகளால் பிரித்து வையுங்கள் என்று அவர் வருடக்கணக்காகச் சொல்லிவந்தார். கதவுகள் இருந்தன, அன்று அவை திறந்து கிடந்தன. உருகிய கொழுப்பு ஆற்றில் எரிந்தபடி மிதந்தது. மாலை ஏழரை மணியளவில், களைத்துப்போன தன் ஆட்களுக்குப் பிரண்டி பங்கிட்டுக்கொண்டு நின்றவர்மேல் சுவர் சரிந்து விழுந்தது. உடலை மீட்க நாட்கள் சென்றன. நெருப்பு முற்றாக அணைய இரண்டு வாரமாயிற்று.

அவருடைய இறுதி ஊர்வலம் ஒன்றரை மைல் நீளம் என்பார்கள். ஆனால் பெரிய மாற்றம் அதன் பிறகே வந்தது. நட்டத்தைத் தாங்காத கம்பனிகள், இனி இது எங்களால் ஆகாது என்று அரசிடம் சொல்லிவிட்டன. 1865இல் சட்டம் வந்தது. 1866 முதல் லண்டனில் நெருப்பை அணைப்பது பொதுக் கடமையாயிற்று. அன்றிரவு எங்கள் குசினிக்கு வந்த வண்டி அந்தக் கடமையின் வழிவந்ததுதான்.

ஒரு திங்கட்கிழமை, என் ஓய்வு நாளில், ஹக்னி டவுன்ஸில் ரயில் மாறி ஸ்டோக் நியூயிங்டன் போனேன். அங்கே அப்னி பார்க் மயானத்தில், மரங்களுக்கும் செடிகளுக்கும் நடுவே, அவர் கிடக்கிறார். அவருக்கு முன்னரே இதே பணியில் இறந்த வளர்ப்பு மகனும் அங்கேதான்.

அங்கே நின்றபோது யாழ்ப்பாண நூலகம் நினைவுக்கு வந்தது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்தது. சுமார் 97,000 நூல்கள். நான் பிறப்பதற்கு முன் நடந்தது அது. சிறுவனாக இருந்தபோது அப்பாவிடம் கேட்டிருக்கிறேன்: "நெருப்பை அணைக்க ஒருத்தரும் வரேல்லையோ அப்பா?" அவர் நெடுநேரம் பேசாமலிருந்து சொன்னார்: "காக்க வேண்டியவனே கொளுத்தினால் ஆர் தம்பி அணைக்கிறது?" நெருப்பை அணைப்பது அரசின் கடமை என்று ஒரு நகரம் ஒரு மனிதரின் சாவுக்குப் பிறகு கற்றுக்கொண்டது. எங்கள் நகரத்தில் அந்தக் கடமையே எரிந்தது.

அன்றிரவு அப்பாவுக்கு போன் எடுத்து பிரெய்ட்வுட்டின் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அந்த மனுசனுக்கு ஒரு பூ வைச்சனியோ?" என்றார்.

இல்லை என்றேன்.

"அடுத்த முறை போகேக்க வை."